பிசிபி ஏர் ரைஃபிள்: ஹேமர் ஸ்பிரிங், ரெகுலேட்டர், பவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசிபி (முன்கூட்டியே அடைத்து வைத்த காற்றால் சுடும்) ஏர் ரைஃபிளைப் பற்றி, சுடும் ரேஞ்சிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எல்லாக் கணக்கும் 4.5 மி.மீ., அதாவது .177 காலிபருக்கு (பேரல் துளையின் விட்டம்). உதாரணத்துக்குத் தந்திருக்கும் வேகங்கள் போக்கைப் புரியவைக்கத்தான். உங்கள் ரைஃபிளின் எண், பெல்லட்டின் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) வேகத்தை அளக்கும் உங்கள் குரோனோகிராஃபில்தான் இருக்கிறது.

ஹேமர் ஸ்பிரிங் என்ன வேலை செய்யுது? அதுதானே பெல்லட்டைத் தள்ளுது?

இல்லை. பெல்லட்டைத் தள்ளுவது சிலிண்டரில் ஏற்கெனவே அடைத்து வைத்த காற்று. ஸ்பிரிங் இருக்கும் பழைய பிரேக் பேரல் துப்பாக்கியோடு இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன. அதில் ஸ்பிரிங்தான் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும். பிசிபியில் ஸ்பிரிங்கின் வேலை ஒன்றே ஒன்று: ஹேமரை (குழாய்க்குள் ஓடும் சுத்தியல் போன்ற உலோகத் துண்டு) ஓடவிட்டு வால்வின் தண்டில் ஓர் அடி அடிக்க வைப்பது. அந்த அடியில் வால்வு ஓரிரு மில்லி வினாடி திறந்து மூடுகிறது. அந்த இடைவெளியில் வெளியேறும் காற்று டிரான்ஸ்ஃபர் போர்ட் என்ற துளை வழியாகப் பேரலுக்குப் போகிறது.

வால்வை மூடிப் பிடித்திருப்பது அதன் சின்ன ஸ்பிரிங் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிடித்திருப்பது காற்றழுத்தம். வால்வு சீட்டின் (வால்வு மூடி உட்காரும் வாய்) விட்டம் 7 மி.மீ. என்று வையுங்கள். பரப்பு 38.5 சதுர மி.மீ. 120 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அதன்மேல் இருக்கும் விசை சுமார் 462 நியூட்டன், ஏறக்குறைய 47 கிலோ எடை. 200 பாரில் அதுவே 78 கிலோவைத் தொடும். விரலால் அழுத்தக்கூடிய ஒரு ஸ்பிரிங் இதைத் தள்ளித் திறக்க முடியாது. ஓடி வரும் ஹேமரின் அடிதான் திறக்கிறது. மற்ற எல்லாப் பதிலுக்கும் இந்த இழுபறிதான் அடிப்படை.

ஸ்பிரிங்கை இறுக்கினா பவர் கூடும்தானே?

ஓர் எல்லை வரை கூடும். அதற்குமேல் கூடாது, காற்றுதான் வீணாகும். வால்வு கூடுதல் நேரம் திறந்திருந்தால் பெல்லட் பேரலை விட்டு வெளியேறிய பிறகும் காற்று வந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்று வேகமாக மாறாது, சத்தமாகத்தான் மாறும். இன்னும் இறுக்கினால் வேகம் ஓரிரு மீட்டர் குறைவதும் உண்டு.

ஆகவே ஸ்பிரிங்கை வானொலியின் வால்யூம் குமிழ் மாதிரி நினைக்காதீர்கள். அழுத்தத்துக்கு ஏற்ற அடி எது என்று தேடும் கருவி அது.

எத்தனை ஜூல் வரைக்கும் வைக்கலாம்? லைசன்ஸ் வேணுமா?

இந்தியாவில் ஆயுத விதிகள் 2016-இன்படி, .177-க்கு மேற்பட்ட காலிபரோ 20 ஜூலுக்கு மேற்பட்ட முகவாய் (பேரல் முனை) ஆற்றலோ இருந்தால் அந்த ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். மற்ற நாடுகளில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். ஜெர்மனியில் உரிமமில்லாமல் வாங்குவதற்கு 7.5 ஜூல். நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கணக்கு எளிது. பெல்லட்டின் எடையைக் கிராமில் எடுத்து, மீட்டர்/வினாடி வேகத்தால் இரண்டு முறை பெருக்கி, 2000-ஆல் வகுத்தால் ஜூல் வந்துவிடும். 0.547 கிராம் பெல்லட் (8.44 கிரெயின்) 243 மீ/வி போனால்: 0.547 × 243 × 243 ÷ 2000 = 16.15 ஜூல். அதே பெல்லட் 270 மீ/வி வந்தால் 19.9 ஜூல். அங்கே கோட்டின்மேல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். குரோனோவின் பிழையையும் சேர்த்துப் பார்த்தால் 18 ஜூலைத் தாண்டாமல் நிறுத்துவதுதான் விவேகம்.

"30 ஜூல் ஆக்கித் தர முடியுமா" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். உரிமம் இல்லாமல் அது சட்டவிரோத ஆயுதம். துல்லியத்துக்கும் அது உதவாது. .177 பெல்லட்டின் பாவாடை மாதிரியான வால் ஒலிவேகத்தை நெருங்கும்போது தடுமாறத் தொடங்கும்.

குரோனோ இல்லாம, சத்தத்தை வெச்சோ பலகையில ஆழத்தை வெச்சோ டியூன் பண்ண முடியாதா?

முடியாது. மேலே சொன்னபடி வீணாகும் காற்றுதான் அதிகச் சத்தம் போடும். சத்தத்தை நம்பினால் மோசமான டியூனைத்தான் "நல்ல பவர்" என்று நினைப்பீர்கள். பலகையின் ஆழம் மரத்தைப் பொறுத்தது. சட்டக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரியவும் வேறு வழியில்லை.

ஒளியால் அளக்கும் குரோனோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: வீட்டு எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் தாறுமாறான எண்கள் வரும். சொந்த அகச்சிவப்பு விளக்கு உள்ளது அல்லது முகவாயில் மாட்டுவது என்றால் இந்தத் தொல்லை இல்லை. எந்தக் குரோனோவானாலும் தூரத்தை மாற்றாமல் ஒரே இடத்தில் வைத்து அளங்கள்.

கழட்டுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்? எந்த எண்ணெய் போடணும்?

காற்று இருக்கும்போது வால்வு, ரெகுலேட்டர் (சிலிண்டரின் அழுத்தத்தை நிலையான ஓர் அளவுக்குக் குறைத்து வால்வுக்குத் தரும் பாகம்), கேஜ், சிலிண்டர் முனை எதையும் கழற்றக்கூடாது. காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் அதை மெதுவாகத் திறங்கள். கேஜ் பூஜ்யம் காட்டுகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவே தனியாக அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கலாம், கேஜ் ரெகுலேட்டருக்கு முன்னால் இருந்தால் அது தெரியாது. முகவாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, பெல்லட் இல்லாமல், சத்தம் அறவே நிற்கும் வரை சுட்டுப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றுப் பாதையில் உள்ள ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் விரலில் பளபளப்பு தெரியும் அளவுக்கு. தையல் மெஷின் எண்ணெய், ஸ்பிரே எண்ணெய், பெட்ரோலிய கிரீஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது. உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் டீசல் என்ஜினில் எரிவதுபோல் எரியும், வெடிக்கவும் செய்யும். அதே காரணத்தால் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹேமர் ஓடும் குழாய் காற்றுப் பாதைக்கு வெளியே இருப்பது, அங்கே மாலிப்டினம் டைசல்பைடு பொடியை மெல்லத் தேய்க்கலாம். எண்ணெய் ஊற்றினால் ஹேமர் ஒட்டி ஒட்டி ஓடும், ஒவ்வொரு ஷாட்டும் ஒரு வேகம் காட்டும்.

முழுக்கக் காலியான துப்பாக்கி. பம்ப் அடிக்க அடிக்க காத்து பேரல் வழியா வெளிய போயிடுது. வால்வு போச்சா?

பெரும்பாலும் போகவில்லை. ஹேமர் ஸ்பிரிங்குக்கு ஓய்வு நிலையிலேயே அழுத்தம் இருந்தால், ஹேமர் வால்வுத் தண்டின்மேல் சாய்ந்துகொண்டு வால்வை லேசாகத் திறந்து வைத்திருக்கும். உள்ளே காற்று இருந்தால் அந்தக் காற்றழுத்தமே வால்வை மூடிவிடும். காலியாக இருக்கும்போது மூட ஆளில்லை.

பெல்லட் இல்லை என்று உறுதி செய்து, முகவாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, போல்ட்டை இழுத்து ஹேமரைக் காக் செய்து (பின்னுக்கு இழுத்துப் பூட்டி), சேஃப்டி போடுங்கள். இப்போது முதல் சில பார் ஏறும்வரை விறுவிறுவென்று அடியுங்கள். 40, 50 பாரைத் தாண்டிய பிறகு வால்வு தானாக இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் கசிந்தால்தான் சீட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

200 பார் நிரப்பினா வேகம் குறையுது, 160-க்கு வந்ததும் கூடுது, அப்புறம் மறுபடி குறையுது. கெட்டுப்போச்சா?

ரெகுலேட்டர் இல்லாத ரைஃபிளின் இயல்பே இதுதான். முதல் பதிலில் பார்த்த 78 கிலோதான் காரணம். நிரம்பிய நிலையில் ஹேமரின் அடிக்கு வால்வு கொஞ்சமே திறக்கும், சீக்கிரம் மூடும். அழுத்தம் இறங்க இறங்கத் திறப்பு கூடும், அழுத்தக் குறைவை அது ஈடுகட்டும். ஓர் உச்சியை அடைந்து பிறகு இரண்டுமே போதாமல் வேகம் விழும். வரைந்து பார்த்தால் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும்.

இதில் டியூனிங் என்பது அந்தத் தட்டை நகர்த்துவது. ஸ்பிரிங்கை இறுக்கினால் உச்சி அதிக அழுத்தத்தின் பக்கம் போகும், தளர்த்தினால் குறைந்த அழுத்தத்தின் பக்கம் வரும். உதாரணமாக 200-லிருந்து 110 வரை சுட்டு எல்லா வேகத்தையும் எழுதுங்கள். உச்சியிலிருந்து 4 சதவீதத்துக்குள் இருக்கும் ஷாட்டுகள் 180-லிருந்து 135 வரை என்று தெரிந்தால், 180-க்கு மேல் நிரப்பாதீர்கள், 135-ல் நிறுத்துங்கள். பம்பில் 200 வரை மூச்சு வாங்க அடித்து, கெட்ட ஷாட்டுகளைச் சம்பாதிப்பதில் என்ன லாபம்?

அளவுக்கு மீறி நிரப்பினால் ஹேமரால் வால்வைத் திறக்கவே முடியாமல் போகும். டக் என்று சத்தம் மட்டும் வரும், பெல்லட் நகராது. வால்வு லாக் என்பார்கள். காற்றை வெளியேற்றும் திருகு வழியாக அழுத்தத்தை இறக்குவதுதான் வழி. ஹேமரை ஓங்கி அடித்துத் திறக்கப் பார்க்காதீர்கள்.

ரெகுலேட்டர் இருக்கிற ரைஃபிளை எப்படி டியூன் பண்றது? படிப்படியா சொல்லுங்க.

முதலில், தொடுவதற்கு முன் இருக்கும் நிலையைப் பதிவு செய்யுங்கள்: ரெகுலேட்டர் அழுத்தம், ஸ்பிரிங் திருகு எத்தனை சுற்று உள்ளே, பத்து ஷாட்டின் வேகம். திருகின் தலையிலும் உடலிலும் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பிறகு ஒரே டப்பா பெல்லட், ஒரே குரோனோ. சிலிண்டரை ரெகுலேட்டர் அழுத்தத்துக்கு மேலேயே வைத்திருங்கள்.

ஸ்பிரிங் திருகை முடிந்தவரை தளர்த்துங்கள். மூன்று ஷாட் சுட்டுச் சராசரி எழுதுங்கள். அரைச் சுற்று இறுக்குங்கள், மறுபடி மூன்று. இப்படியே போனால் இந்த மாதிரி ஒரு வரிசை கிடைக்கும் (0.547 கிராம் பெல்லட், உதாரண எண்கள்):

0 சுற்று – 196
½ – 212
1 – 224
1½ – 233
2 – 239
2½ – 242
3 – 243
3½ – 243
4 – 241

தொடக்கத்தில் அரைச் சுற்றுக்கு 16 மீட்டர் ஏறியது, பிறகு 12, 9, 6, 3, 1, 0. கோடு மடங்கிச் சமதளமாகும் அந்த இடத்தை முழங்கால் என்பார்கள். உச்சம் 243. அதில் 96, 97 சதவீதம் 233-லிருந்து 236. ஆகவே திருகை 1½-க்கும் 2-க்கும் நடுவில் நிறுத்தி, கால் சுற்று, கால்வாசிக் கால் என்று நகர்த்தி 235-ல் உட்கார வையுங்கள். 15.1 ஜூல். கடைசி 8 மீட்டருக்காக மூன்று சுற்று வரை இறுக்கியவர், அதே சிலிண்டரில் கணிசமாகக் குறைந்த ஷாட்டுகளே பெறுவார்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்பதில் இன்னொரு நன்மை உண்டு. ரெகுலேட்டர் அழுத்தம் ஒரு ஷாட்டில் இரண்டு பார் தூக்கலாக வந்தால், அழுத்தம் வேகத்தைக் கூட்டப் பார்க்கும், இறுக்கமான வால்வு குறைக்கப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும். ரொம்பக் கீழே, ½ சுற்றில் நின்றால் இந்த ஈடுகட்டல் அளவு மீறிப்போய், சின்ன மாற்றத்துக்கும் வேகம் ஆடும்.

கடைசியாக, நிரப்பிய நிலையிலிருந்து ரெகுலேட்டர் அழுத்தத்துக்கும் 20 பார் கீழே போகும்வரை தொடர்ந்து சுட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்த கேள்விக்கான விடை அந்தத் தாளில் இருக்கிறது.

எனக்கு வேகம் பத்தலை. ஸ்பிரிங்கைக் கூட்டணுமா, ரெகுலேட்டரைக் கூட்டணுமா?

சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்குக் கீழே இறங்கும்போது வேகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதலில் ஏறிவிட்டு அப்புறம் விழுந்தால், அழுத்தத்துக்கு ஹேமர் போதவில்லை. ஸ்பிரிங்கைக் கூட்டுங்கள், அல்லது அந்த வேகமே போதுமென்றால் ரெகுலேட்டரைக் குறையுங்கள். இறங்கிய மறு ஷாட்டிலேயே வேகமும் நேராக விழுந்தால் நீங்கள் சமதளத்தில் இருக்கிறீர்கள். இனி ஸ்பிரிங்கால் ஒன்றும் கிடைக்காது. லேசாக ஒன்றிரண்டு மீட்டர் ஏறி விழுந்தால் அமைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள்.

ரெகுலேட்டரைக் கூட்டுவதானால் ஐந்து ஐந்து பாராகக் கூட்டுங்கள், காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகு. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் சோதனையை முதலிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் முழங்காலும் நகர்ந்திருக்கும். ரெகுலேட்டரைக் கூட்டிவிட்டு ஸ்பிரிங்கைத் தொடாமல் விட்டவர்கள்தான் "அழுத்தம் கூட்டினேன், வேகம் குறைந்துவிட்டது" என்று வருகிறார்கள்.

ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டினா மெலிசாயிடும்தானே?

கடினமாகும். பலர் நம்ப மறுப்பது இதைத்தான். ஸ்பிரிங்கின் கடினம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறானது. 1 மி.மீ. கம்பி, 8 மி.மீ. சராசரி விட்டம், 20 சுற்று உள்ள எஃகு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். அதன் கடினம் மில்லிமீட்டருக்கு 0.97 நியூட்டன். இரண்டு சுற்று வெட்டினால் 1.08.

ஆனால் அடி குறையும், ஏனென்றால் நீளமும் போய்விட்டது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி 3 மி.மீ. என்றால் 6 மி.மீ. இழந்தீர்கள். முன்பு ஓய்வில் 5 மி.மீ. அழுந்தி, காக் செய்யும்போது மேலும் 15 மி.மீ. அழுந்தியது. ஹேமருக்குக் கிடைத்த ஆற்றல் 0.18 ஜூல். இப்போது ஓய்வில் அழுத்தமே இல்லை, 1 மி.மீ. இடைவெளி விழுந்துவிட்டது, மிச்சம் 14 மி.மீ. பாய்ச்சல். ஆற்றல் 0.105 ஜூல். நாற்பது சதவீதம் போயிற்று, ஒட்டவும் முடியாது. இதற்குப் பதில், வெட்டாத அதே ஸ்பிரிங்கில் திருகை ஒரு மி.மீ. நகர்த்தினால் ஏறக்குறைய 8 சதவீதம் மாறும், வேண்டாமென்றால் திரும்ப வரலாம். திருகே இல்லாத ரைஃபிள் என்றால் ஸ்பிரிங்குக்குப் பின்னால் அரை மி.மீ. வாஷர்களைச் சேர்த்தும் எடுத்தும் பாருங்கள்.

ஸ்பேர் ஸ்பிரிங் கிடைக்கலை. ஹார்டுவேர் கடையில கிடைக்கிறதைப் போடலாமா?

அளந்து பார்த்துப் போடலாம், கண்ணால் பார்த்துப் போடக்கூடாது. கம்பியின் விட்டம் நான்கு மடிப் பெருக்கமாக வேலை செய்கிறது. 1.0 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.1 போட்டால், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், கடினம் 46 சதவீதம் கூடியிருக்கும். அதனால் வெர்னியர் காலிப்பர் இல்லாமல் ஸ்பிரிங் வாங்கப் போகாதீர்கள்.

கடினத்தை வீட்டிலேயே அளக்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசின்மேல் ஸ்பிரிங்கைச் செங்குத்தாக, வளையாமல் இருக்க உள்ளே ஒரு பேனா ரீஃபிலையோ கம்பியையோ விட்டு நிறுத்தி, ஸ்கேல் வைத்துச் சரியாக 10 மி.மீ. அழுத்துங்கள். மேலே சொன்ன ஸ்பிரிங் என்றால் தராசு 985 கிராம் அளவில் காட்டும். பழையதையும் புதியதையும் இப்படி ஒப்பிட்டால் போதும். ஸ்பிரிங் பட்டறையில் சுற்றித் தரச் சொல்வதானால் கம்பி விட்டம், வெளி விட்டம், முழு நீளம், சுற்று எண்ணிக்கை நான்கையும் எழுதிக் கொடுங்கள். பியானோ வயர் வேண்டும், இரண்டு முனையும் மூடித் தட்டையாகத் தேய்த்திருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். தேய்க்காத முனை ஹேமரை ஒரு பக்கமாகத் தள்ளும், குழாயில் உரசும், வேகம் சிதறும்.

சுட்டதும் 'டப்'புன்னு முடியாம 'டர்ர்'ருன்னு இழுக்குது. என்ன அது?

ஹேமர் துள்ளல். வால்வு மூடும்போது ஹேமரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஓய்வு நிலையிலும் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் அதை மறுபடி முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காற்று சும்மா போகிறது. கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்து அலைவடிவம் காட்டும் செயலியில் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய சிகரத்துக்குப் பின்னால் சின்னச் சின்னச் சிகரங்கள் வரிசையாக நின்றால் சந்தேகமே வேண்டாம்.

முதல் மருந்து, ஸ்பிரிங்கைத் தளர்த்தி முழங்காலுக்குக் கீழே வருவது. பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், ஓய்வில் ஹேமருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே அரை முதல் ஒரு மி.மீ. இடைவெளி இருக்கும்படி அமைக்க வேண்டும். ஹேமர் கடைசித் தூரத்தைத் தன் வேகத்தில் கடக்கும், திரும்பி வந்தால் பின்னாலிருந்து தள்ள ஆளிருக்காது. அதற்குச் சற்றுக் கடினமான ஸ்பிரிங் தேவைப்படும். தடுப்பு வைத்த ஸ்பிரிங் கைடு என்று ஒன்று விற்கிறார்கள், ஸ்பிரிங்கைத் தன்மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓய்வில் ஹேமரைத் தொடாமல் நிற்கும். நல்ல சமாச்சாரம். ஹேமர் முகத்தில் ஓ-ரிங் ஒட்டும் வைத்தியமும் பழக்கத்தில் உண்டு. ஆனால் ஓ-ரிங் நசுங்க நசுங்க டியூன் மாறிக்கொண்டே போகும்.

கனம் குறைஞ்ச ஹேமர் போட்டா நல்லதா?

டிரிகர் இழுத்ததும் சீக்கிரம் அடிக்கும், கையில் அதிர்வு குறையும், துள்ளலும் குறையும். ஆனால் வால்வு திறந்திருக்கும் நேரமும் குறைவதால் அழுத்தமோ ஸ்பிரிங் கடினமோ கூட்ட வேண்டிவரும். 16 ஜூலுக்குள் இருக்கும் ரைஃபிளில் லேசான ஹேமர் நன்றாகவே வேலை செய்யும். ஸ்பிரிங்கை ஒழுங்காக வைக்காமல் ஹேமருக்குத் தாவ வேண்டாம்.

நேத்து வெச்ச துப்பாக்கியில இன்னைக்கு முதல் ஷாட் மட்டும் வேகம் வேற. ஸ்பிரிங்தானே காரணம்?

ஸ்பிரிங் இல்லை, ரெகுலேட்டர். அதன் சீட்டில் தூசியோ கீறலோ இருந்தால், அடைபட்ட பிறகும் உயர் அழுத்தக் காற்று மெல்ல ஊறி உள்ளே வரும். 130-ல் நிற்க வேண்டியது இரவுக்குள் 140 ஆகிவிடும். ஹேமர் வலுவாக இருந்தால் முதல் ஷாட் வேகமாகப் போகும், தளர்வாக இருந்தால் மெதுவாகப் போகும். அழுத்தம் கூடியும் மெதுவாகப் போவது ஏன் என்று கேட்பவர்கள் 200 பார் கேள்வியை மறுபடி படியுங்கள்.

ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், ஓர் இரவு என்று இடைவெளி விட்டு முதல் ஷாட்டை அளங்கள். வித்தியாசம் நேரத்தோடு கூடினால் ரெகுலேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, சீட்டையும் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும்.

பம்ப் அடிப்பவர்களுக்கு இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு: தண்ணீர். சென்னை மாதிரி கடலோர ஊரில் 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 22, 23 கிராம் நீராவி இருக்கும். 200 மி.லி. சிலிண்டரைக் காலியிலிருந்து 200 பாருக்கு நிரப்ப 40 லிட்டர் காற்று போகிறது. அதோடு போகும் தண்ணீர் ஏறக்குறைய 0.9 கிராம், பதினைந்து இருபது சொட்டு. ஒரு பகுதி பம்பிலேயே தங்கும், மீதி ரெகுலேட்டரைத் துருப்பிடிக்க வைக்கும். சிலிக்கா ஜெல் வடிகட்டி மாட்டுங்கள், 50 பாருக்கு ஒருமுறை நிறுத்திப் பம்பின் வடிகால் திருகைத் திறந்துவிட்டு, சூடு ஆறவிட்டுத் தொடருங்கள்.

10 மீட்டர் போட்டி ரைஃபிளுக்கும் இப்படிப் பண்ணி வேகத்தைக் கூட்டலாமா?

வேகம் அங்கே தேவையே இல்லை. போட்டி ரைஃபிள்கள் 0.53 கிராம் பெல்லட்டை 170 மீ/வி அளவில் சுடும்படி தொழிற்சாலையில் அமைக்கப்பட்டவை, சுமார் 7.5 ஜூல். அங்கே முக்கியம் ஒரே மாதிரி இருப்பது. காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 170 மீ/வி போகும் பெல்லட் 10 மீட்டரில் 17.0 மி.மீ. தாழும், 167 போவது 17.6 மி.மீ. வித்தியாசம் 0.6 மி.மீ. இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ., தசமப் புள்ளி ஒன்றுக்குக் கால் மி.மீ. ஆக 3 மீட்டர் சிதறல் இரண்டு, மூன்று தசமத்தைத் தின்றுவிடும். இறுதிச் சுற்றில் அது பதக்கத்தின் நிறத்தை மாற்றும்.

வேகம் சிதறினால் ஸ்பிரிங் திருகைத் தொடாமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள். சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டுக் காலவரை போடுகிறார்கள். காலாவதியாகாத சிலிண்டரோடு வருவது போட்டியாளரின் பொறுப்பு.

லேசான பெல்லட்ல 19.4 ஜூல் வருது. கனமான பெல்லட் போட்டா வேகம் குறையும், அப்ப ஜூலும் குறையும்தானே?

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பிசிபியில் கனமான பெல்லட் பேரலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, பின்னால் தள்ளும் காற்று அதிக நேரம் வேலை செய்கிறது. வேகம் குறைந்தாலும் ஆற்றல் பொதுவாகக் கூடும். 0.547 கிராம் 266 மீ/வி போனால் 19.35 ஜூல். அதே அமைப்பில் 0.670 கிராம் பெல்லட் 246 மீ/வி போனால் 20.27 ஜூல். திருகைத் தொடவே இல்லை, கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். ஸ்பிரிங் பிஸ்டன் துப்பாக்கியில் இது பெரும்பாலும் தலைகீழ், அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். நீங்கள் வாங்கக்கூடிய மிகக் கனமான .177 பெல்லட்டைப் போட்டு அளந்துதான் உச்ச அளவை முடிவு செய்ய வேண்டும்.

சித்திரையில செட் பண்ணினதை ஊட்டிக்கு எடுத்துட்டுப் போனா மாறுமா?

கேஜ் மாறும். 35 டிகிரியில் 200 பார் காட்டும் சிலிண்டர் 20 டிகிரியில் 190 காட்டும், கசிவு என்று பயப்படாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் எதிர்த்திசையில் ஏறும், முழுக்க நிரப்பிய சிலிண்டரை அங்கே விடக்கூடாது. ரெகுலேட்டர் உள்ள ரைஃபிளில் வேகம் சில மீட்டர் ஆடலாம். ரெகுலேட்டர் இல்லாததில், 200 பார் கேள்வியில் எழுதிய தாளில் 190 எங்கே இருக்கிறதோ அங்கேதான் தொடங்குவீர்கள்.

மலை உயரத்தால் வால்வுக்கு ஒன்றுமில்லை. வெளிக்காற்று கால் பார் குறைவதை 130 பார் கவனிக்காது. ஆனால் மெல்லிய காற்றில் பெல்லட்டின் வேகம் மெதுவாகத்தான் குறையும், 40, 50 மீட்டரில் குறி மேலே ஏறும். அதற்கு ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், ஸ்கோப்பில் இரண்டு கிளிக் இறக்குங்கள்.